இடது ஓரத்து எழுத்துகள்

அக்கா லேப்டாப்பைத் துணிப்பையிலிருந்து உருவித் தம்பியின் மேசைமேல் வைத்தாள். ஒரே கோளாறுக்காக மூன்றாவது முறை வருகிறது. கடை வைத்த நாளிலிருந்து எந்த லேப்டாப்பும் அவனிடம் அப்படித் திரும்பி வந்ததில்லை.

"அதே இடம்தான். இடது பக்க ஓரம். அடிக்கிறேன், விழமாட்டேங்குது" என்றாள்.

மற்ற வாடிக்கையாளர்கள் லேப்டாப்பை வைத்துவிட்டு, என்னவோ ஆகிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்பார்கள். அக்கா அப்படியில்லை. ஏ விழுவதில்லை, எஸ் மனம் வைத்தால் விழுகிறது, ஒன்று என்ற எண்ணைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். சொல்லிவிட்டு, போன தடவை மாட்டியது புதுக் கீபோர்டுதானா என்று கேட்டாள். புதிதுதான் என்றான் தம்பி.

"நீ புதுசுங்கிற. அதுக்குத் தெரியலையே."

கடை ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் என்பதால் தம்பி உட்கார்ந்தே பழகியவன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தாலும் அவருடைய காது முழுக்க இந்தப் பக்கம்தான் இருக்கும்.

"மெஷினம்மா வந்தாச்சா? உங்க அடி தாங்காம அதுங்களே உயிரை விடுது. கொஞ்சம் பாவம் பாருங்க" என்றார்.

அக்காவுக்கு மெஷின் என்ற பெயர் டைப்ரைட்டிங் வகுப்பிலேயே விழுந்துவிட்டது. அங்கே பயிற்சி கொடுத்தவர் மாணவிகளின் கைமேல் துணியைப் போட்டு மூடிவிட்டு அடிக்கச் சொல்வார். மற்றவர்கள் துணிக்கு அடியில் தடவிக்கொண்டிருக்கும்போது அக்கா பக்கத்தை முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதன்பிறகு ஒரு வக்கீலிடம் வேலை, பிறகு ஆஸ்பத்திரியின் பதிவறை. இப்போது பல வருடங்களாக வீட்டிலிருந்தே அதே ஆஸ்பத்திரிக்கு. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த கையோடு சின்னக் கருவியில் பேசிப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவு அக்காவுக்கு வரும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிறுத்தவும் ஓட்டவும் காலடியில் ஒரு மிதியை வைத்துக்கொண்டு, கேட்பதை அறிக்கையாக அடித்து அனுப்புவாள். கல்யாணம் காட்சி என்று எதுவும் நடக்கவில்லை. அவளாகவே அதைப்பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், "உட்கார்ந்த இடத்துலயே குடும்பம் நடத்திட்டேன்" என்பாள்.

அந்த வேலைதான் இப்போது ஆட்டம் கண்டிருந்தது. ஒரு நோயாளிக்குப் பன்னிரண்டு மில்லி மருந்து என்று டாக்டர் சொன்னது, அக்கா அனுப்பிய அறிக்கையில் இரண்டு மில்லி என்று போயிருந்தது. முன்னால் இருந்த ஒன்று விழவில்லை. நர்ஸ் சந்தேகப்பட்டுக் கேட்டதால் தப்பித்தது. பதிவறை மேற்பார்வையாளர் போன் செய்து, இத்தனை வருடத்தில் உங்கள் பேரில் இப்படி ஒரு புகார் வந்ததில்லையே என்று வருத்தமாகத்தான் சொன்னாராம். திட்டியிருந்தால் தேவலாம் என்று அக்கா சொன்னாள்.

தம்பி தன்னால் முடிந்த எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். முதல் தடவை வந்தபோது, பக்கத்துப் பக்கத்து எழுத்துகளாகச் செத்திருக்கின்றன என்றால் ஏதோ கொட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தான். தண்ணீர் கொட்டினாயா என்று கேட்டதற்கு, நான் என்ன பச்சைப் பிள்ளையா என்று கேட்டாள். கீக்களைக் கழற்றிக் காற்றடித்தான். அடியில் கறையும் இல்லை, துருவும் இல்லை. இரண்டாவது தடவை கீபோர்டையே மாற்றினான். அதிலிருந்து போர்டுக்குப் போகும் பட்டை ஒயரையும் மாற்றினான். இப்போது மூன்றாவது தடவை மென்பொருளுக்குள் இறங்கினான். கீயைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் ஏற்றுக்கொள்ளும்படி ஓர் அமைப்பு உண்டு. கை தவறிப்பட்டு அது இயங்க ஆரம்பித்துவிட்டால் ஆட்கள் கீபோர்டு போச்சு என்று அலறிக்கொண்டு ஓடிவருவார்கள். அதுவாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு திறந்தான். அது அணைந்துதான் இருந்தது.

சோதனைத் திரையைப் போட்டான். திரையில் கீபோர்டின் படம் வரும். எந்தக் கீயை அழுத்துகிறோமோ அது பச்சையாகும். இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனான். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் பச்சை.

"உன்கிட்ட மட்டும் ஒழுங்கா நடிக்குது" என்றாள் அக்கா.

"சாயங்காலம் வீட்டுக்கே வர்றேன்கா. நீ அடி, நான் பார்க்கிறேன்."

இதை அவன் முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஆனால் எந்தக் கடையிலும் வழக்கம் அதுவல்ல. லேப்டாப் மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் வாடிக்கையாளர் அதைத் தொடுவதில்லை. பழுது பார்ப்பவன்தான் கழற்றுவான், மாட்டுவான், தட்டிப் பார்ப்பான். ஆகவே இவ்வளவு நாளும் கீபோர்டைச் சோதித்தது தம்பியின் விரல்தான்.

அக்காவின் வீடு ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. கீழேயிருந்து ஆவி ஏறி ஏறித் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஜன்னலோரம் மேசை, அதன்மேல் வெளிச்சம். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள். தம்பி அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து கீபோர்டையே பார்த்தான்.

முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேகம் அப்படி. காதுக்குத்தான் முதலில் தெரிந்தது. வலது கையின் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. இடது கையின் சத்தத்தில் இடையிடையே ஓட்டை விழுந்தது. அவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். இடது சுண்டுவிரல் ஏ-யின் மேல் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு சரி. கீ கீழே இறங்கவில்லை. பக்கத்தில் மோதிர விரல் எஸ்-ஸைத் தடவிவிட்டு நகர்ந்தது. கீபோர்டில் ஒரு கம்பி அறுந்தால் எழுத்துகள் பலகை முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாகும் என்பது அவனுக்கு மனப்பாடம். இங்கே செத்துக்கொண்டிருந்தவை அத்தனையும் இரண்டு விரல்களின் பொறுப்பில் இருந்தவை. எந்தக் கம்பிக்கும் விரல் கணக்கு தெரியாது.

"பார்த்தியா? அடிச்சேன். விழலை பார்த்தியா?" அக்கா ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

அடிச்சேன் என்று அவள் சொன்னது பொய்யில்லை. அவளைப் பொறுத்தவரை அடித்துவிட்டாள்.

தம்பிக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்பா லாரி ஓட்டியவர். ஒரு நாள் கியர் விழவில்லை என்று வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, வெண்ணெய் மாதிரி விழுகிறதே என்றான். அப்பா அவனைக் கண்டபடி பேசிவிட்டு வேறு மெக்கானிக்கிடம் போனார். கிளட்ச் மாறியது, கியர்பாக்ஸ் இறங்கி ஏறியது. கடைசியில் ஒரு காலை, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். அக்காதான் போய்ப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவர் இருந்த வரைக்கும் அவள்தான் போட்டுவிட்டாள். கைக்குப் பிறகு கால், காலுக்குப் பிறகு பேச்சு என்று ஒவ்வொன்றாகப் போனதையும் கிட்ட இருந்து பார்த்தவள் அவள்தான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்க? என்னதான் ஆச்சு அதுக்கு?"

"கீபோர்டுதான்கா" என்றான் தம்பி. "இந்தக் கம்பெனி சரக்கு மட்டம். கொண்டு போறேன். சரி பண்ணிக் கொண்டு வர்றேன்."

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னான். அவள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, அக்காவிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். இல்லை என்றான். டாக்டரிடமாவது கூட்டிப் போங்கள் என்றாள். போகலாம் என்றான். அப்பாவைக் கூட்டிப் போன டாக்டர்களில் ஒருவராவது ஒரு மாத்திரையால் எதையாவது நிறுத்தினாரா என்று கேட்டான். சொல்லாமல் இருப்பது பாவம் என்றாள். சொல்வது மட்டும் என்ன புண்ணியம் என்றான்.

அவனுக்குக் கைவேலை ஒன்றுதான் தெரியும். துக்கமானாலும் ஸ்க்ரூடிரைவரைத்தான் எடுப்பான். ஒவ்வொரு கீக்கும் அடியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு சின்ன ரப்பர் உண்டு. நாம் அழுத்தும்போது எதிர்த்து நிற்பதும், விட்டதும் கீயை மேலே தள்ளுவதும் அந்த ரப்பர்தான். இடது ஓரத்துக் கீக்களை மட்டும் கழற்றி, அந்த ரப்பர்களின் விளிம்பை பிளேடால் மெல்லிசாகச் சீவினான். கண்ணில் வலி எடுக்கும்வரை சீவினான். மாட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்தபோது, மூச்சுக் காற்று பட்டாலே இறங்கும் போலிருந்தது. கடிகாரக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன புது வைத்தியம் என்று கேட்டார். தம்பி மேசைமேல் கிடந்த ரப்பர்ச் சீவல்களை ஊதித் தள்ளினான்.

லேப்டாப்பைக் கொண்டு கொடுத்த அன்று அக்கா ஒரு பக்கம் அடித்துப் பார்த்தாள். ஏ விழுந்தது. எஸ் விழுந்தது. எண் ஒன்றும் விழுந்தது. அவள் முகம் இளகியதைப் பார்த்தபோது தம்பிக்குத் தான் ஒரு பெரிய திருட்டைச் செய்துவிட்டுப் பிடிபடாமல் நிற்பது போலிருந்தது. "இத்தனை நாளா இதைப் பண்றதுக்கு உனக்கு என்ன நோவு?" என்று தலையில் தட்டினாள். இடது கையால்தான் தட்டினாள். அது பட்டதும் படாததுமாக இருந்தது.

சில நாள் வண்டி ஓடியது. தினமும் போன் செய்து, எப்படி இருக்கிறது என்று கேட்டான். நன்றாக இருக்கிறது, சில இடத்தில் ஏ இரண்டு மூன்றாக விழுகிறது, பார்த்து அழித்துவிடுகிறேன் என்றாள். தம்பிக்கு அது உறைக்கவில்லை. அழுத்த முடியாத விரலால் தூக்கவும் முடியாது என்பதை அவன் யோசித்திருக்கவில்லை. விரல் கீயின்மேல் போய் விழுந்து அங்கேயே கிடந்தது. கீ தன் கடமையைச் செய்துகொண்டே இருந்தது.

ஒரு மதியம் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்தாள். எப்போதும் போல் லேப்டாப்பை எடுத்து வைக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்து மில்லி என்பதில் ஒன்று இரண்டு தடவை விழுந்து, நூற்றுப்பத்து மில்லி என்று போய்விட்டதாம். இந்த முறை நர்ஸுக்குச் சந்தேகம் வரவில்லை. மருந்துக் கடைக்குப் போன பிறகு, அங்கிருந்தவர் கேட்டுத்தான் பிடித்திருக்கிறார்கள். மேற்பார்வையாளர் இந்தத் தடவையும் திட்டவில்லை. கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள், வேலை அனுப்புவதை நிறுத்தி வைக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்.

கடிகாரக்காரர் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். அவர் அப்போதுதான் டீ குடித்திருந்தார்.

அக்கா லேப்டாப்பை எடுத்துத் திறந்து அவன் பக்கம் தள்ளினாள். ஏ-யைக் கழற்றச் சொன்னாள். கழற்றினான். பிறகு வலது பக்கத்திலிருந்து ஒரு கீயைக் கழற்றச் சொன்னாள். இரண்டு ரப்பரையும் உள்ளங்கையில் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதை எதுக்குடா சீவின?"

"அழுத்தம் கம்மியா இருக்கட்டும்னு."

"யாருக்கு?"

தம்பி ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீபோர்டு தப்புன்னா நீ கீபோர்டை மாத்துவ. சீவ மாட்ட. யாருக்குடா அழுத்தம் கம்மியா இருக்கட்டும்?"

"விரல்தான்கா" என்றான்.

அக்கா ரப்பர்களை மேசைமேல் வைத்தாள். ஒன்று உருண்டு விளிம்புக்குப் போனதை வலது கையால் தடுத்தாள். அவள் அழுவாள் என்றோ, திட்டுவாள் என்றோ தம்பி எதிர்பார்த்தான். அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. பேருந்து போய்விட்டதைத் தெரிந்துகொண்ட ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்போலேர்ந்து?"

"முதல் தடவை இங்க வந்தப்பவே. இடது கை, நாலாவது அஞ்சாவது விரல்ல பலம் குறைவு, தகப்பனாருக்கும் இதே மாதிரி இருந்ததா சொல்றார். எத்தனை பேருக்கு இதை அடிச்சிருப்பேன்? டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே அடுத்த பாரா என்னன்னு எனக்குத் தெரியும்டா."

"அப்புறம் எதுக்குக்கா இதைத் தூக்கிட்டுத் தூக்கிட்டு இங்க வந்த?"

"நீ கீபோர்டுதான்னு சொல்லுவன்னு வந்தேன். நீயும் சொன்ன. சொன்ன அன்னைக்கெல்லாம் நல்லா தூங்கினேன்."

மாடிப்படியில் யாரோ தடதடவென்று இறங்கிப் போனார்கள். தலைக்கு மேலே பலகை அதிர்ந்தது.

"இப்ப சொல்லு பார்ப்போம்" என்றாள்.

தம்பி வாயைத் திறந்தான். அவளிடம் அந்த வார்த்தையை அவன் இதற்கு முன் எத்தனை சுலபமாகச் சொல்லியிருக்கிறான். இப்போது நாக்கு எழவில்லை. அக்கா எழுந்து, பையின் வாரைத் தோளில் மாட்ட முயன்றாள். அது நழுவியது. அவன் எழுந்தான், தலை இடித்தது, தேய்த்துக்கொண்டே வந்து வாரை மாட்டிவிட்டான்.

"பார்த்துடா" என்றாள். "இருக்கிறது ஒரு தலை."

தான் அறிக்கை அடித்துக் கொடுத்த அதே ஆஸ்பத்திரிக்கு அவளாகத்தான் கிளம்பினாள். தம்பி கூடப் போனான். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று அவன் கேட்டதற்கு, எல்லா இடத்திலும் ஒரே பாராதான் என்றாள். வெளிநோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பதிவறைப் பெண் ஒருத்தி அவளை அடையாளம் கண்டு, மேடம், நீங்கள் எங்கே இங்கே என்று கேட்டாள். சும்மா, ஒருத்தரைப் பார்க்க வந்தேன் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

உள்ளே இருந்த டாக்டரை அவள் அதுவரை பார்த்ததில்லை, குரலை மட்டும் கேட்டிருந்தாள். "உட்காருங்க" என்று அவர் சொன்னதுதான் தாமதம், தம்பியின் பக்கம் சாய்ந்து, கொட்டாவி டாக்டர் என்று காதோடு சொன்னாள். வாக்கியத்துக்கு நடுவில் கொட்டாவி விடுகிறவர், அந்த இடத்தில் மிதியைப் பின்னால் மிதித்து இரண்டு தடவை கேட்டால்தான் சொல் பிடிபடும் என்று வெளியே காத்திருந்தபோது அவள் சொல்லிக்கொண்டிருந்த டாக்டர்களில் ஒருவர். அவள் நினைத்ததைவிடச் சின்ன வயதுக்காரர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவசரப்படாமல் பார்த்தார். முழங்காலில் தட்டினார், நாக்கை நீட்டச் சொன்னார், பாதத்தில் கீறினார். பிறகு தன்னுடைய ஆள்காட்டி விரலை மேசைமேல் நீட்டி, அவளுடைய இடது சுண்டுவிரலை அதன்மேல் எடுத்து வைத்தார்.

"அழுத்துங்க."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அழுத்துங்கம்மா."

"அழுத்திட்டுதான் இருக்கேன் டாக்டர்."

அவர் தலையசைத்தார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். அப்பாவுக்கு என்று தம்பி சொன்னான். சில பரிசோதனைகள் எடுக்க வேண்டும் என்றார். முடிவாக இப்போதே எதையும் சொல்ல முடியாது என்றார். சொல்லும்போது அவர் தம்பியையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, மேசையிலிருந்த சின்னக் கருவியை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டார். ஒரு நிமிடம் இருங்கள், இதை முடித்துவிடுகிறேன் என்றார்.

நோயாளியின் வயதைச் சொன்னார். பெண் என்றார், கமா என்றார். இடது கையின் நான்காவது, ஐந்தாவது விரல்களில் பலம் குறைவு, புள்ளி. தசை மெலிந்திருக்கிறது, புள்ளி. தந்தைக்கு இதே போன்ற நோய் இருந்ததாகத் தெரிகிறது, புள்ளி.

தம்பி தற்செயலாகக் குனிந்தபோதுதான் பார்த்தான். அக்கா கைகளை மடியில் வைத்திருந்தாள். வலது கை விரல்கள் புடவைமேல் அசைந்துகொண்டிருந்தன, வேகமாக, சத்தமில்லாமல், டாக்டரின் குரலுக்கு ஒரு சொல்கூடப் பின்தங்காமல். இடது கை பக்கத்தில் கிடந்தது. அதன் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தங்கள் முறை வரும்போது எழுந்து எழுந்து விழுந்தன. ஓரத்து இரண்டும் அசையவில்லை. அக்கா எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கைகள் என்ன செய்கின்றன என்று அவளுக்குத் தெரியுமா என்பது தெரியவில்லை.

"அடுத்த பாரா" என்றார் டாக்டர். கருவியை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளி, புறங்கையால் மறைத்து ஒரு கொட்டாவி விட்டார்.

அவர் அதை முடித்துவிட்டு மறுபடி பேச ஆரம்பிப்பதற்குள், அக்காவின் விரல்கள் அந்தப் பாராவை அடித்து முடித்துவிட்டு நின்றிருந்தன.